பெருவிரலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: சார்பதிவாளர்களுக்கும் பத்திர எழுத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார்பதிவாளர் ஐயா, அம்மா அவர்களுக்கும், என் தொழிலிலேயே இருக்கும் பத்திர எழுத்தர்களுக்கும்,

வணக்கம்.

டெல்டா மாவட்டம் ஒன்றில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருக்கும் பத்திர எழுத்தர் கடையில் 18 ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வருகிறேன். கிரயம், தானசெட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, பொது அதிகாரம் என்று இந்தக் கையால் அடித்த பத்திரங்களுக்குக் கணக்கு வைத்ததில்லை. அவற்றில் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போக மறுக்கிறது. 2021 ஆவணியில் என் சொந்த அத்தை தன் மகனுக்கு வீட்டை எழுதிக்கொடுத்த செட்டில்மெண்ட் அது. அதை அடித்தவள் நான்தான்.

அந்தப் பத்திரத்தில் பிழை ஒன்றும் கிடையாது. சர்வே எண் சரி, நான்கு எல்லையும் சரி, சொத்து விவரம் சரி. ஒரு கேள்வியும் எழாமல் பதிவாயிற்று. பதினான்கே மாதத்தில் அத்தை ஒரு துணிப்பையோடு திருப்பூர் பேருந்தில் ஏறினார். இடையில் என்ன நடந்தது என்று சொல்லவும், உங்களால் மட்டுமே செய்ய முடிந்த இரண்டு காரியங்களைக் கேட்கவும்தான் இதை எழுதுகிறேன்.

அத்தைக்கு அப்போது 73 வயது. மாமா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். சிறுகச் சிறுகச் சேர்த்து நாலரை சென்ட் மனையை அத்தை பெயரிலேயே வாங்கினார். 1994-இல் அதில் வீடு எழும்பியது. "எனக்கப்புறம் உன்னை யாரும் எழுந்திருன்னு சொல்லக் கூடாது" என்று சொல்லித்தான் அந்தக் கிரயத்தை முடித்தாராம். 2019-இல் மாமா போய்ச் சேர்ந்தார். கையில் மிஞ்சிய 2 லட்சத்தை அடுத்த வருடம் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். அப்போது வட்டி 7.4 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3,700 ரூபாய் வரும். சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மகனிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்பதில் அத்தைக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

அத்தானைக் கெட்டவர் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் அது உண்மையாகாது. மாமா மருத்துவமனையில் கிடந்தபோது இரவெல்லாம் கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்துப் படுத்தவர் அவர். டைல்ஸ் கடை வைத்தார். ஊரடங்கில் கடை படுத்துவிட்டது. சரக்கு கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அத்தையின் இரட்டை வடச் சங்கிலி, ஐந்து பவுன், அடகுக்குப் போனது. "ரெண்டே மாசம், மீட்டுடுறேம்மா." அடகு ரசீது அவர் பெயரில். ஏல நோட்டீஸ் வந்ததுகூட அத்தைக்குத் தெரியாது. அடுத்து அஞ்சலகப் பணம். அத்தையே நடந்து போய்க் கையெழுத்துப் போட்டு, கணக்கை முன்கூட்டியே முடித்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாவதாக வீடு.

எங்கள் கடைக்கு வரும் குடும்பங்களில் நான் கண்டவரை வரிசை பெரும்பாலும் இதுதான்: முதலில் நகை, பிறகு வைப்புப் பணம், கடைசியில் மனை. ஒன்றைக் கேட்கும்போது முன்னால் போனதைப் பற்றி வாய் திறக்க முடியாது. திறந்தால், பெற்ற பிள்ளையிடமே கணக்குப் பார்க்கிற அம்மா என்று பேர் வரும். அந்தப் பேருக்கு அஞ்சியே எத்தனையோ அம்மாக்கள் அடுத்ததையும் எடுத்து நீட்டுகிறார்கள். அப்பாக்களும்தான், அவர்கள் இன்னும் கொஞ்சம் குனிந்தபடி நீட்டுகிறார்கள்.

வீட்டை ஏன் எழுதச் சொன்னார்? "எம்பேர்ல இருந்தாத்தாம்மா பேங்க்ல லோன் தருவான்." அம்மாவை ஜாமீன்தாரராகச் சேர்த்து, அவர் பெயரில் உள்ள வீட்டையே அடமானமாக வைத்தும் கடன் கேட்கலாம் என்பது எங்கள் தெருவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. அத்தான் முகத்துக்கு நேரே அதைச் சொன்னால் உறவு முறிந்துவிடும் என்று பயந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தையின் மகளுக்கும் யாரும் தகவல் சொல்லவில்லை. "அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சே" என்று அத்தையே சொன்னார். அந்த வாக்கியம் அத்தையின் சொந்த வாக்கியம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. அதற்கும் நான் பேசவில்லை.

வீட்டுக்கு அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு 18 லட்சம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் என்பதால் முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், 18,000. பதிவுக் கட்டணத்துக்கு அப்போது உச்சவரம்பு 4,000. ஆக 22,000 ரூபாயில் 25 வருட உழைப்பு கைமாறியது. கட்டியதும் அத்தான்தான்.

அன்று முகூர்த்த நாள், அலுவலகத்தில் நிற்க இடமில்லை. எங்கள் முறை வந்தபோது அத்தையின் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. ஐம்பது வருடம் சாம்பலும் புளியும் தொட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார், விழவில்லை. ஊழியர் ஈரத்துணி கொடுத்தார், அப்போதும் விழவில்லை. பின்னால் வரிசையில் முணுமுணுப்பு கேட்டது. அத்தான் குனிந்து, அத்தையின் இடது பெருவிரலைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, கண்ணாடியின் மேல் வைத்து அழுத்தினார். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார். பதிந்தது. "கேமராவைப் பாருங்க பாட்டி" என்றார்கள். பார்த்தார். "எழுதிக் குடுக்க சம்மதம்தானே?" என்று சார்பதிவாளர் கேட்டார். அத்தை அத்தானைப் பார்த்தார். அத்தான் தலையாட்டினார். பிறகு அத்தையும் தலையாட்டினார்.

படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை கேட்டார்: "ஏன் மருமவளே, நான் செத்தப்புறம்தானே இது அவன் கைக்குப் போவும்?"

"வாங்க அத்தை, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவலாம்" என்றேன். அதுதான் நான் சொன்ன பதில்.

அத்தை மனதில் இருந்தது உயில். கையெழுத்துப் போட்டது செட்டில்மெண்ட். உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் உயிர் பெறும், இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம், முத்திரைத்தாளும் தேவையில்லை. செட்டில்மெண்ட் பதிவான நாளிலேயே சொத்து கைமாறிவிடும். எழுதிக்கொடுத்தவர் பிறகு தனியாக வந்து ஒரு ரத்துப் பத்திரம் போட்டு அதைத் திரும்ப வாங்கிவிட முடியாது. நமக்கெல்லாம் இது பாலபாடம். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றுதான். "பையன் பேர்ல எழுதி வைக்கணும்" என்பார்கள். எழுதி வைப்பது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு என்று நாமாவது அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

பிறகு நடந்தவற்றை விரித்துச் சொல்ல மனம் வரவில்லை. பட்டா மாறியது, வீட்டு வரி ரசீது மாறியது, மின் இணைப்பு மாறியது. கடன் வந்தது, பழைய கடன்களுக்குப் போனது. முன்கட்டை வாடகைக்கு விட்டார்கள். அத்தை கொல்லைப்புறத்து ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குப் போனார். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வாம்மா" என்றார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வாசலில் பூட்டு புதிதாக இருந்தது.

2023-இல் அத்தையின் மகள் கோட்டாட்சியரிடம் மனு போட்டாள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி அவர்தான் தீர்ப்பாயம். அறுபது வயது கடந்தவர் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ நிர்ப்பந்தத்தாலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும். எழுதிக்கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். இது 23-ஆவது பிரிவு. நானும் துணைக்குப் போயிருந்தேன்.

கோட்டாட்சியர் பொறுமையாகத்தான் கேட்டார். பத்திரத்தைக் கையில் வாங்கி வாய்விட்டுப் படித்தார். "தங்கள் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்..." "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது..." "என்னாலோ என் வாரிசுகளாலோ எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய இயலாது..." நான் அடித்த வரிகள். முன்னால் இருந்த ஒரு கோப்பைத் திறந்து, பெயரையும் சொத்து விவரத்தையும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டு அடித்த வரிகள். படித்து முடித்துவிட்டு, "பார்த்துக்கணும்னு ஒரு வரிகூட இதுல இல்லையேம்மா" என்றார்.

அத்தைக்கு அது புரியவில்லை. "அத எதுக்குங்கய்யா எழுதணும்? பெத்த புள்ள" என்றார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2022 டிசம்பரில், நிபந்தனை என்று ஒன்று இருந்ததாகக் காட்டாவிட்டால் 23-ஆவது பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அத்தைக்கு வீடு திரும்பவில்லை. மாதம் 3,000 ரூபாய் ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவாயிற்று. நான்கு மாதம் வந்தது, நின்றது. மறுபடி மனு போடலாம் என்றால் அத்தை விடவில்லை. "எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன்டி. அவன ஸ்டேஷன்ல நிறுத்தச் சொல்றியா?" மேல்முறையீட்டுக்கான 60 நாளும் அதற்குள் கழிந்திருந்தது.

இப்போது சட்டத்தின் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவரின் வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அந்த மகன் பார்த்துக்கொள்வதாகத் தனியாக ஒரு உறுதிமொழித் தாள் எழுதிக் கொடுத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினத்திலிருந்து போன ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுக்கிறேன் என்ற சொல்லுக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. நான் இயந்திரம் மாதிரி அடித்த அந்த இரண்டு வார்த்தைக்கு அவ்வளவு கனம் இருந்திருக்கிறது.

அப்படியானால் இனி எழுத வேண்டியதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நாகப்பட்டினத்து அம்மாவின் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கோட்டாட்சியர், மேல்முறையீடு, ரிட் மனு என்று ஒவ்வொரு படிக்கும் வருடக் கணக்கு. எழுபது வயது தாண்டியவருக்கு வருடம்தான் இல்லை. பத்திரத்தில் தெளிவாக ஒரு பத்தி இருந்தால், முதல் விசாரணையிலேயே வாதம் முடிந்துவிடும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் என் தொழிலில் இருப்பவர்களுக்கு. உங்கள் கணினியில் இருக்கும் செட்டில்மெண்ட் மாதிரியைத் திறந்து இதைச் சேர்த்துவிடுங்கள். நம் பத்திர நடையிலேயே எழுதியிருக்கிறேன் (ஷை என்றால் மேற்படி):

"ஷை சொத்தை நான் தங்களுக்கு எழுதிக் கொடுப்பதானது, என் ஆயுட்காலம் முழுவதும் தாங்கள் எனக்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் முதலான அடிப்படைத் தேவைகளைக் குறைவின்றிச் செய்து கொடுத்து என்னைப் பராமரித்து வர வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டதாகும். ஷை வீட்டில் என் ஆயுட்காலம் வரை வசிக்கும் உரிமையை நான் எனக்கே நிறுத்தி வைத்துக் கொண்டிருக்கிறேன். தாங்கள் ஷை நிபந்தனைப்படி நடக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 23-ஆவது பிரிவின்படி இப்பத்திரத்தை ரத்து செய்யக் கோர எனக்கு உரிமை உண்டு."

அவ்வளவுதான், அரைப் பக்கம்கூட வராது. பெரியவர் வேண்டாம் என்று தெரிந்தே சொன்னால் எடுத்துவிடுங்கள். ஆனால் எடுக்கச் சொல்வது அவராக இருக்கட்டும். கேட்டால் சேர்ப்போம் என்று இருக்காதீர்கள். தெரியாததை எப்படிக் கேட்பார்கள்?

ஆயுள் உரிமை எழுதிவிட்டால் வங்கியில் கடன் கொடுக்கத் தயங்குவார்கள் என்று மகன்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்த வீட்டை ஏலம் விட வேண்டி வந்தால் உள்ளே இருக்கும் அம்மாவை எழுப்ப முடியாதே என்று வங்கி யோசிக்கிறது. வங்கிக்கே அந்த யோசனை வருகிறதென்றால், அந்த அம்மாவுக்கும் அதை ஒருமுறை யோசிக்க அவகாசம் கொடுக்க வேண்டும் அல்லவா? கடன்தான் காரணம் என்றால் வீடு அம்மா பெயரிலேயே இருக்கட்டும், அவரை ஜாமீன்தாரராகச் சேருங்கள் என்று சொல்லுங்கள். அதிலும் ஆபத்து உண்டு. ஆனால் தவணை ஒழுங்காகக் கட்டினால் வீடு வீடாக மிஞ்சும்.

இன்னொன்றும் மனம் விட்டுச் சொல்கிறேன். நம் கடைக்குள் முதலில் நுழைபவர் மகன். விவரம் சொல்பவர் மகன். எழுத்துக்கூலி கொடுப்பவரும் மகன். எழுதிக் கொடுப்பவர் என்று முதல் பக்கத்தில் பெயர் போட்டிருக்கும் அம்மா, வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருப்பார். கையெழுத்துக்கு மட்டும்தான் உள்ளே வருவார். பத்திரத்தை அவருக்குப் படித்துக் காட்டியதாகக் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறோம். அதை உண்மையாகவே படித்துக் காட்டுவோம். பாத்தியம், சுவாதீனம், பின்னிட்டு என்று பத்திரத் தமிழில் படித்துவிட்டு நிறுத்தாமல், வீட்டில் பேசுகிற மாதிரி சொல்வோம்: "நாளையிலேருந்து இந்த வீடு உங்களோடது இல்லம்மா."

இரண்டாவது வேண்டுகோள் சார்பதிவாளர்களுக்கு. உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். தினமும் 100 டோக்கன். முகூர்த்த நாளென்றால் 150. சர்வர் மெதுவாக ஓடுகிற நாளில் உங்கள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். குடும்ப விவகாரத்தில் தலையிட உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதும் தெரியும். சொத்து யாருடையது என்று விசாரிக்கச் சொல்லவில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 34-ஆவது பிரிவு உங்களிடம் ஏற்கெனவே ஒப்படைத்திருக்கும் வேலையைத்தான் கேட்கிறேன்: இந்தப் பத்திரத்தை இவர்தான் எழுதிக் கொடுத்தாரா என்று உறுதி செய்துகொள்வது. எழுதிக் கொடுத்ததை அவர் மறுத்தால் பதிவை மறுக்க அடுத்த பிரிவே உங்களுக்கு இடம் தருகிறது. மறுக்க வேண்டுமானால் அவருக்கு மூச்சு விட இடம் வேண்டும். மகன் பக்கத்தில் நிற்கும்போது எந்த அம்மாவும் மறுக்க மாட்டார்.

அறுபது வயது கடந்த ஒருவர் பிள்ளைக்கோ பேரனுக்கோ தம்பி மகனுக்கோ இனாமாக எழுதிக் கொடுக்கிறார் என்றால், மற்றவர்களை ஐந்தே நிமிடம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். சாட்சிகளையும் சேர்த்து, எங்களையும் சேர்த்து. "சம்மதமா" என்று கேட்காதீர்கள். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே அவர்களுக்கு வராது. அவர்கள் வாயால் நாலு வார்த்தை சொல்ல வேண்டிய மாதிரி கேளுங்கள். இது என்ன பத்திரம்மா? இன்னைக்குச் சாயங்காலம் இந்த வீடு யாருக்குச் சொந்தம்? இது போக உங்க பேர்ல வேற என்ன இருக்கு? நாளைக்கு உங்களுக்கும் பையனுக்கும் ஒத்துவரலைன்னா எங்க போவீங்க? கடைசிக் கேள்விக்கு ஒருவர் சட்டென்று பதில் சொன்னால் அவர் யோசித்துவிட்டு வந்திருக்கிறார், தாராளமாகப் பதியுங்கள். வெறுமனே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், "போயிட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். ரேகை விழாத விரலை உங்கள் ஊழியர் பிடிக்கட்டும். சொத்தை வாங்குகிறவர் பிடிக்க வேண்டாம்.

படுக்கையில் கிடப்பவர்களுக்காக 31-ஆவது பிரிவின்படி வீட்டுக்கே போய்ப் பதிகிறீர்களே, அங்கே இது இன்னும் முக்கியம். அப்படிப் போன ஒரு வீட்டில் நானும் கூடப் போயிருக்கிறேன். கட்டிலைச் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் யாராவது ஒருவர் "அவருக்குச் சம்மதம்தான் சார்" என்றார்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாப் பிள்ளைகளையும் சந்தேகப்படச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு நேர்மாறான குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் மலம் மூத்திரம் அள்ளிப் பார்த்துக்கொண்ட மகளுக்கு அப்பா வீட்டை எழுதிக் கொடுத்திருப்பார். எட்டியே பார்க்காத அண்ணன், அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், மகள் ஏமாற்றிவிட்டாள் என்று கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வைப்பார். பெரியவரை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். அந்த மகளுக்கும் இந்த ஐந்து நிமிடம்தான் பாதுகாப்பு. அப்பாவைத் தனியாகக் கேட்டேன், தெளிவாகச் சொன்னார் என்று பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் பின்னாளில் யாரும் அவளைத் திருடி என்று சொல்ல முடியாது.

இன்னொரு சின்ன உதவி. உங்கள் அலுவலகச் சுவரில் கட்டண விவரப் பலகை இருக்கிறது, இடைத்தரகர்களை நம்ப வேண்டாம் என்ற அறிவிப்பு இருக்கிறது. பக்கத்தில் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 என்று பெரிய எழுத்தில் ஒரு தாளும், உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் என்ன வேறுபாடு என்று நாலு வரியும் ஒட்டி வையுங்கள். டோக்கனுக்குக் காத்திருக்கிற ஒரு மணி நேரத்தில் யாராவது ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

அத்தைக்கு இப்போது கண்புரை. திருப்பூரில் வாடகை வீட்டின் முன்னறையில் இருக்கிறார். மகளும் மருமகனும் கம்பெனிக்குப் போனபின் நாள் முழுக்கத் தனியாக இருப்பார். போனில் பேசும்போது ஊர் மழையைப் பற்றிக் கேட்பார், கொல்லை முருங்கை காய்த்ததா என்று கேட்பார். அத்தானைப் பற்றி நானாக எதுவும் சொல்வதில்லை. ஒருமுறை அவராகவே, "அவன் கடன் அடைஞ்சுதாமா?" என்றார்.

என் மாதிரிக் கோப்பில் அந்தப் பத்தியைச் சேர்த்துவிட்டேன். கடை முதலாளி முதலில் முகம் சுளித்தார், "வர்ற பார்ட்டி அடுத்த கடைக்குப் போயிடும்மா" என்றார். சிலர் போகத்தான் செய்தார்கள். பலர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். "இது இருக்கட்டும், நல்லதுதான்" என்று சொன்ன மகன்களும் உண்டு.

போன மாதம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். ஒன்றே முக்கால் ஏக்கர் நஞ்சை, மொத்தமும் எழுதிக் கொடுக்க. முழுவதும் வாய்விட்டுப் படித்தேன். பராமரிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் மகன் குறுக்கிட்டார். "அது எதுக்கு? நாங்க என்ன பாக்க மாட்டோமா? அத எடுத்துடுங்க."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த எடத்த இன்னொரு தடவ படி தாயி" என்றார். படித்தேன். மெதுவாகப் படித்தேன். கேட்டு முடித்ததும் மகனிடம் ஒன்றும் பேசவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்து, "இன்னொரு நாளைக்கு வாரோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். மகன் பத்திரத் தாள்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். இன்னும் அவர்கள் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
பத்திரம் அடிக்கும் ஒரு பெண்